தாயிடம் பெற்றது எது?

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய பழமொழி. தாயைப் போலத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஏன் இருக்கிறது? கேட்டவுடன், ‘எல்லாம் இரத்தம்!’ என்று ஒரே சொல்லில் நம் வாயை அடைத்துவிடுகிறார்கள். இரத்தந்தானா? விடை தேடி மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடா வரை சென்று வருவோம், தோழர்களே!

அங்கே 1980களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் ஓங்கில்களை (டால்பின் என்றால் எவருக்கும் விளங்கும்) கண்காணித்து வருகின்றனர். முதுகுத் துடுப்பிலுள்ள வடுக்களைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்கின்றனர். குட்டி மூன்று நான்கு ஆண்டுகள் தாயைச் சார்ந்தே வாழும். பால் குடிக்கும், விளையாடும், தாய் இரை தேடும் விதத்தைப் பார்த்துக்கொண்டேயிருக்கும்.

அவற்றுள் சில, கடற்பஞ்சைப் பிய்த்தெடுத்து அலகில் கவசமாக மாட்டிக்கொண்டு, கரடுமுரடான கடலடியைக் கிளறி, பதுங்கிக் கிடக்கும் மீனைக் கிளப்பிப் பிடிக்கின்றன. 2005இல் வெளிவந்த ஆய்வு, இந்த வித்தையறிந்தவை ஏறத்தாழ எல்லாமே ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை எனக் கண்டது. ‘பார்த்தீரா, இரத்தம்!’ என்று கூவத் தோன்றுகிறதன்றோ? ஆய்வாளர்கள் கூவவில்லை. பிறப்பு வழியாக இவ்வித்தை இறங்கியிருக்கக்கூடிய முறைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தனர். பொருந்தவில்லை. தாயின் அருகிருந்து கற்றதே என்னும் முடிவுக்கு வந்தனர்.

உடனே வெற்றிமுரசு கொட்டிவிடலாமா? பொறுங்கள், உண்மை நமக்கும் சற்றுச் சங்கடம் தருகிறது. மகளும் மகனும் ஒரே தாயிடம், ஒரே வித்தையைத்தான் பார்க்கின்றனர். பெரும்பாலும் மகள்களே அதைக் கைக்கொள்கின்றனர், மகன்கள் அரிது. பஞ்சேந்தி வேட்டையாடுவது தனிமைத் தொழில். ஆண்களுக்கோ கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டால்தான் பின்னாளில் வாழ்வு. அதுவே காரணமாகலாம் என்பர். கற்பித்தால் போதும், கற்றுவிடுவர் என்று நம்பும் ஆசிரியர்களாகிய நமது செருக்கும் இங்கே சற்று அடங்கத்தான் வேண்டும். தேறாத ஒரு மாணவனைப் பார்த்து, ‘இவன் குடும்பமே இப்படித்தான்’ என்று நாமும் ஒருநாள் முணுமுணுத்ததுண்டு. பகுத்தறிவு பேசும் வாய்தான் அது! அவனுக்குப் பக்கத்தில் யார் அமர்ந்திருந்தார், யாரோடு அவன் திரிந்தான் என்று அன்று நாம் பார்க்கவில்லை.

பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த விரிகுடாவில் இருந்தனர். அங்குள்ள ஓங்கில்களிடம் வேறொரு வித்தையும் உண்டு. மீன் போய் ஒளிந்த பெரிய வெறுஞ்சங்கைக் கடலடியிலிருந்து அலகால் தூக்கி, நீர்மட்டத்துக்கு மேலே கொணர்ந்து உலுக்கும். நீர் வடிய, மீன் வாயில் விழும். 2007 முதல் 2018 வரை திரட்டிய குறிப்புகளை ஆராய்ந்து, 2020இல் முடிவை வெளியிட்டனர்: இவ்வித்தை பரவியது பெரிதும் தாயிடமிருந்து பிள்ளைக்கன்று, உடன் திரியும் தோழரிடமிருந்து தோழருக்கு!