மேசைக்கு இடம்

கடையிலிருந்து பேசிய இளைஞர் நான்கு கேள்விகள் கேட்டார். "எத்தனாவது மாடி மேடம்? லிஃப்ட் இருக்கா? வாசக்கதவு எவ்வளவு அகலம்? நாளன்னைக்குப் பகல்ல வீட்ல ஆள் இருப்பாங்களா?"

மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டும். கதவை அளந்து சொன்னேன். நான்காவது கேள்விக்கு யோசிக்கவேயில்லை. "நான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு எழுதினேன். உண்மையில் பகல் முழுவதும் வீட்டில் ஆள் உண்டு. எழுபது கடந்த என் அத்தை, இணையரின் அம்மா. அவரை நான் 'ஆள்' கணக்கில் சேர்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

வரவிருந்தது ஒரு மேசை. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு இழுப்பறைகள். என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சாப்பாட்டு மேசையில் எழுதினேன். தட்டு வைக்கும் நேரம் வந்தால் தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். கவிதைகளைக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து எழுதினேன். வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகள் அடுத்த ஆண்டு நூலாயின. எழுத நினைக்கும் பெண்ணுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்றார். ஆண்டுக்கு 500 பவுண்டு என்று தொகையையும் குறித்தார். இதை எத்தனையோ மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சம்பளம் உண்டு. அறைக்கு வழியில்லை, ஒரு மேசைக்காவது இடம் வேண்டும் என்று நாற்பத்தாறு வயதில் முடிவெடுத்தேன்.

கனமான பொருள் வீட்டுக்கு வருமுன் செய்ய வேண்டியவை பெரிய வித்தை அல்ல. வாசலை மட்டும் அளந்தால் போதாது, படிக்கட்டுத் திருப்பத்தையும் அளக்க வேண்டும். செருப்பு ஸ்டாண்டையும் பூந்தொட்டிகளையும் வழியிலிருந்து ஒதுக்க வேண்டும். மிதியடிகளைச் சுருட்டி வைக்க வேண்டும். வைக்கப்போகும் இடத்தைத் தரையில் வரைந்து, சுற்றி நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் கோலமாவை எடுத்துக் கூடத்து ஜன்னலோரம் கோடிழுத்தேன். மூன்று பக்கம் சரியாக வந்தது. நான்காவது கோடு அத்தையின் இரும்பு பீரோவின் காலில் முட்டி நின்றது.

பீரோவைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டால் போதும் என்று தோன்றியது. கேட்டேன். "எடுத்துடும்மா, எனக்கென்ன" என்றார்.

நகர்த்துவதற்காகப் பீரோவைக் காலி செய்தோம். புடவைகள், அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம், மாமாவின் மூக்குக் கண்ணாடி. அடித்தட்டில், அட்டை பிய்ந்த ஒரு நோட்டு. 1972இல் அத்தையின் அப்பா தன் கையால் எழுதிய சீர்க்கணக்கு. கட்டில் ஒன்று. பித்தளை அண்டா இரண்டு. குத்துவிளக்கு இரண்டு. இரும்பு பீரோ ஒன்று. "கட்டில் என் நாத்தனாருக்குப் போச்சு. அண்டாவைப் போட்டுத்தான் உங்க மாமா ஆஸ்பத்திரிச் செலவு. விளக்கு எங்கே போச்சுன்னே தெரியல. இது மட்டும் நிக்குது" என்றார் அத்தை. குறையாகச் சொல்லவில்லை, பட்டியலாகச் சொன்னார்.

சீரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. நிலத்தை மகன்களுக்கு வைத்துவிட்டு மகளுக்கு இரும்பையும் பித்தளையையும் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் 1989இல் வந்த சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு தந்தது. அதற்குமுன் மணமாகிப்போன பெண்களை விட்டுவிட்டது. அத்தைக்கு அப்போது மணமாகிப் பதினேழு ஆண்டு. 2005இன் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியபோது, அவருடைய அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆக, அவருக்குக் கிடைத்த பாகம் இந்தப் பீரோதான். பெண் கொண்டுவந்த பொருள் புகுந்த வீட்டின் பொதுச்சொத்து ஆகிவிடாது, அது அவளுடையதே என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தெளிவாகச் சொன்னது. அண்டா போன கதையும் கட்டில் போன கதையும் அந்தத் தீர்ப்புக்குத் தெரியாது. எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

அன்றிரவு கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தேன். மூன்று பேர் உட்காரும் சோபா. மகனின் படிப்பு மேசை, அதன்மேல் கணினி. இணையர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள், அதன்மேல் ஈரத்துண்டு. இவற்றில் எதையும் அகற்றலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கண் ஏன் நேராகப் பீரோவுக்குப் போனது?

பதில் எனக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளைக் கேட்டால் ஒரு சண்டை. மகனின் மேசையைக் கேட்டால் இரண்டு சண்டை. அத்தையைக் கேட்டால் "எனக்கென்ன." எதிர்ப்பு இல்லாத இடத்துக்குக் கை தானாகப் போகிறது.

அவர்தான் சம்மதித்தாரே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் அந்தச் சம்மதத்தின் எடை என்ன? கிடைக்காது என்று தெரிந்தவற்றை விரும்பாமல் இருக்க மனம் பழகிக்கொள்ளும். அந்த விருப்பங்களை அப்படியே நம்பி நீதியை அளக்க முடியாது என்று மார்த்தா நுஸ்பாம் போன்ற தத்துவவாதிகள் எழுதியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளில் யாரும் எதையும் கேட்டு எடுத்துக்கொள்ளாத ஒருவரிடம் போய் முதன்முறையாகக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன "எடுத்துடும்மா"வை உரிமம் போலப் பையில் போட்டுக்கொண்டேன். "எனக்கென்ன" என்ற சொல்லை நானும் பேசியவள்தான். ஆய்வேட்டுத் தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தபோதெல்லாம் அதைத்தான் சொன்னேன். அதன் பொருள் எனக்குத் தெரியாதா?

நமக்கு இடம் வேண்டும் என்று எழுதுகிறோம், பேசுகிறோம். அந்த இடம் எங்கோ வெற்றாகக் கிடப்பதுபோலப் பேசுகிறோம். நிறைந்த வீட்டில் வெற்றிடம் கிடையாது. ஒன்று வர வேண்டுமென்றால் ஒன்று நகர வேண்டும். எனக்கு மேசை வேண்டும் என்பது நியாயம். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. யாருடையது நகர வேண்டும் என்பது தனிக் கேள்வி, முதல் நியாயம் அதற்குப் பதில் ஆகாது. அதிக இடம் வைத்திருப்பவரிடமிருந்து எடுக்க வேண்டியதை, எளிதாகத் தருபவரிடமிருந்து எடுத்தால் வீட்டின் கணக்கு மாறுவதில்லை. பெண்களுக்கென்று ஒதுங்கிய அந்தச் சிறு பங்குக்குள்ளேயே நானும் அத்தையும் மாற்றிக்கொண்டிருப்போம். கூடத்தின் மற்ற மூன்று மூலைகளும் அப்படியே இருக்கும்.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் தெரியவந்தது. நான் சமைக்காத நேரங்களில் என் வீட்டில் சமைத்தது யார்? என் கவிதை நூல்கள் வெளிவந்தது அத்தை அடுப்படியில் நின்ற மாலைகளால். அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று இடத்தையும் எடுக்கவிருந்தேன்.

மறுநாள் காலை இணையரிடம் சைக்கிளை எடுக்கச் சொன்னேன். "அடுத்த மாசத்திலேருந்து ஓட்டலாம்னு இருந்தேன்" என்றார். பேச்சு நீண்டது. காபி ஆறியது. நான் விடவில்லை. பீரோவுக்குள் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினோம். கோலமாவுக் கோட்டை அழித்துவிட்டு, சைக்கிள் நின்ற மூலையில் வரைந்தேன். ஜன்னல் இல்லாத மூலை. பரவாயில்லை, ஒரு விளக்கு வாங்கிக்கொள்ளலாம்.

மேசை மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வந்தது. லிஃப்டுக்குள் நுழையவில்லை. இரண்டு இளைஞர்கள் கால்களைக் கழற்றி, பலகையைச் சாய்த்து மூன்று மாடி தோளில் ஏற்றினார்கள். படிக்கட்டின் அகலத்தைத்தான் அளந்திருந்தேன். தூக்கி வருபவரின் முதுகை அளக்க எனக்குத் தோன்றவில்லை. மூச்சு வாங்க வாசலில் நின்று ஒருவர் கேட்டார்: "சார் இல்லையா மேடம்? எங்க போடணும்னு கேக்கணும்."

"என்கிட்டயே கேளுங்க, என் மேசைதான்" என்றேன். அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தார். பூட்டி முடித்து அவர்கள் போனபின் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மரம் என்ன, விலை என்ன என்று கேட்கவில்லை. இழுப்பறையை இழுத்துப் பார்த்தார்.

"பூட்டு இருக்காம்மா?"

இடப்பக்க இழுப்பறைக்கு இருந்தது. சாவியை அவர் கையில் கொடுத்தேன். பூட்டித் திறந்து சரிபார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இடுப்பில செருகிக்கோ" என்றார்.