கூப்பிடத் தயங்காதீர்கள்



எரிகோ சாலையோரத்தில் உட்கார்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயு இயேசுவை நோக்கி வாய்விட்டுக் கத்தினார். பேசாதிரு என்று கூட்டம் அதட்டியது. அவர் இன்னும் உரக்கக் கத்தினார். மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தின் இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய நம்பிக்கையைப் புகழ்கிறோம். எனக்கோ இன்று அவர் வெட்கப்படாமல் கூப்பிட்டதுதான் பெரிதாகப் படுகிறது. நம் பங்கிலுள்ள பெரியவர்கள் பலருக்கு அது வராது.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. கொல்லைப்புறத்தில் பாசி, குளியலறையில் ஈர டைல்ஸ், பாதி ராத்திரியில் கரண்ட் போகிற வீடு. பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும். நற்கருணை கொடுக்க வீடுகளுக்கு வரும்போது, தனியாக இருக்கும் அம்மாக்களும் ஐயாக்களும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: “யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாது சாமி.”

65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுவதுகூடப் பரவாயில்லை, விழுந்த இடத்திலேயே மணிக்கணக்காகக் கிடப்பதுதான் ஆளைக் கொல்லும். உடம்பின் பாரம் அழுத்தித் தசை சிதையும். அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாக்கு வறண்டு மயக்கம் வரும். ஓர் எலும்பும் முறியாதவர்கூட இப்படி இறந்துபோவதுண்டு.

இதற்கென்றே அவசர அழைப்புப் பொத்தான் இருக்கிறது. கழுத்தில் மாட்டலாம், மணிக்கட்டில் கட்டலாம். அழுத்தினால் வீட்டிலுள்ள சிறு பெட்டி, பதிந்துவைத்த எண்களுக்கு அழைக்கும். ஜெர்மனியில் காரித்தாஸ் போன்ற திருச்சபை அமைப்புகளே இதை ஒரு சேவையாக நடத்துகின்றன. நம் ஊரில் அவ்வளவு வசதி இல்லாவிட்டாலும், முதியோருக்கான பட்டன் போன்களில் ‘எஸ்.ஓ.எஸ்.’ பொத்தான் வருகிறது. ஆள் விழுந்ததைத் தானே உணர்ந்து அழைக்கும் கைக்கடிகாரங்களும் உண்டு, விலை அதிகம்தான்.

ஆனால் வாங்கினால் போதுமா? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் தொண்ணூறு வயதைக் கடந்தவர்களை ஓராண்டு கவனித்துவந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர், அழைப்புப் பொத்தான் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. அதை மாட்டாமல் மேசையில் வைத்திருப்பார்கள். அல்லது ‘நானே எழுந்துவிடுவேன்’ என்று போராடிக்கொண்டிருப்பார்கள். பர்த்திமேயுவை அதட்டிய கூட்டம் வெளியே இருந்தது. நம் பெரியவர்களை அதட்டும் குரல் அவர்களுக்குள்ளேயே இருக்கிறது.

“மாதாவின் உத்தரியம் கழுத்தில் இருக்கும்போது இது எதற்கு சாமி?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். மாதா கோபித்துக்கொள்ளமாட்டார்.

பிள்ளைகளிடமும் சில சொல்ல வேண்டும். பார்வையற்ற ஒருவருக்கு என்ன தேவை என்று ஆண்டவருக்குத் தெரியாதா? ஆனாலும், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டார். நீங்களோ ஆன்லைனில் ஒரு கருவியை அனுப்பிவிட்டு, அது போதாதென்று வீட்டுக்குள் கேமராவும் வைத்துவிட்டு, “கழற்றாதீங்க அப்பா” என்று போனில் உத்தரவு போடுகிறீர்கள். கேமரா அவரைக் காவலில் வைக்கிறது. பொத்தான் அப்படியல்ல; எப்போது கூப்பிடுவது என்பதை அவர் தீர்மானிக்கிறார். ஆகவே முதலில் அவரிடம் கேளுங்கள். கழுத்தில் வேண்டுமா கையில் வேண்டுமா என்பதையாவது அவருக்கு விடுங்கள்.

இன்னொன்று. முதல் எண்ணாக உங்கள் எண்ணைப் பதியாதீர்கள். துபாயிலிருந்து நீங்கள் பதறலாம். அம்மாவைத் தூக்க முடியாது. முதல் எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாக, அல்லது அன்பியக் குழுவில் கால்நடையாக ஓடிவரக்கூடிய ஒருவருடையதாக இருக்கட்டும். அவரிடம் வீட்டுச் சாவியும் இருக்கட்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவியால் பயனில்லை என்பதையும் அம்மாவிடம் பேசிவையுங்கள். அடிபட்டவருக்கு 108. முதியோர் உதவி எண் 14567 ஓய்வூதியம், சட்ட ஆலோசனை, ஆதரவு போன்றவற்றுக்கானது, ஆம்புலன்சுக்கு அல்ல.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே நடப்பதை நிறுத்தியவர்கள் நம்மிடையே பலர். காலைத் திருப்பலிக்கு வருவதில்லை, மார்க்கெட்டுக்குப் போவதில்லை, உட்கார்ந்தே இருந்து கால் தசை தளர்கிறது. தளர்ந்த கால்தான் முதலில் தடுமாறும். கூப்பிட்டால் ஆள் வரும் என்ற தைரியம் இருந்தால் அவர்கள் மறுபடி வாசலைத் தாண்டுவார்கள். கத்திக் கூப்பிட்ட பர்த்திமேயு சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிடவில்லை. எழுந்து இயேசுவின் பின்னே வழி நடந்தார். உதவி கேட்டதால் அவர் யாருக்கும் பாரமாகிவிடவில்லை.

அன்பியப் பொறுப்பாளர்களே, தனியாக வாழும் பெரியவர்களின் பட்டியலும், அவர்கள் கூப்பிட்டால் ஓடிவர இசைந்தவர்களின் பட்டியலும் அடுத்த ஞாயிறு எனக்கு வேண்டும். பெரியவர்களே, பொத்தான் வைத்திருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள் என்று தெரியட்டும். குளிக்கும்போது கழற்றாதீர்கள், தண்ணீர் தாங்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். விழுந்தால், எழ முயன்று நேரத்தைப் போக்காமல், முதலில் அழுத்துங்கள்.