பார்க்க வந்தவர்கள்

வெளிநாட்டில் வாழும் தம்பதிகளிடம் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்கெங்க சுத்திப் பாத்தீங்க?" எப்படி இருக்கீங்க என்பதுகூட அதற்கு அப்புறம்தான். நாங்களும் பட்டியல் சொல்வோம். பாரிஸ், பிராக், ஆம்ஸ்டர்டாம், ரோம். வீட்டு வாடகை, வேலை, விசா எல்லாம் பேசுவதற்குச் சங்கடமானவை. பார்த்த ஊர்களின் பெயர்களைச் சொல்வதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. அந்தச் சங்கடமின்மை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைகிறது. பார்ப்பது என்பது உண்மையிலேயே யாருக்கும் ஒன்றும் செய்யாத காரியமா? ஓர் ஊருக்குப் போய், நின்று, பார்த்து, படம் எடுத்துத் திரும்புகிறவனுக்கு அந்த ஊரிடம் ஏதாவது பாக்கி உண்டா?

நானும் மனைவியும் இருப்பது ஜெர்மனியில், கொலோன் நகரத்தில். ரெண்டு பேருக்கும் வேலை, குழந்தை இல்லை. சனி ஞாயிறு வந்தால் கிளம்பிவிடுவோம். 2023 மே மாதம் நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் போக 49 யூரோ மாதச் சீட்டு வந்தபிறகு வீட்டில் இருப்பதே குற்றம் மாதிரி ஆகிவிட்டது. இப்படிச் சுற்றுகிறவர்களில் பலர் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் கிராமத்துக்கும் போயிருப்பார்கள். ஏரி, மலை, மர வீடுகள், ஒரு தேவாலயக் கோபுரம். அங்கே வசிப்பவர்கள் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. கோடையில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர்வரை பார்க்க வருகிறார்கள். 2023-ல் அந்த ஊர்க்காரர்கள் செல்ஃபி எடுக்கும் இடத்தில் ஏரி தெரியாதபடி மரவேலி ஒன்றை வைத்தார்கள். உலகம் முழுக்கச் சத்தம் கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அது விசித்திரமாகவே தெரியவில்லை. தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வதில் என்ன விசித்திரம்?

வெனிஸ் வேறு வழியில் போனது. 2024-ல், ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் ஒரு பகல் மட்டும் வந்து போகிறவர்கள் 5 யூரோ கட்ட வேண்டியிருந்தது. பார்ப்பதற்குச் செலவு உண்டு, அதை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்பதை ஒரு நகரமே ஒத்துக்கொண்ட மாதிரி இது. ஆனால் ஐந்து யூரோ கட்டியவன் இன்னும் நிம்மதியாகப் பார்ப்பான். டிக்கெட் வாங்கியாச்சு, இனி எனக்கும் இந்த ஊருக்கும் கணக்கு முடிந்தது என்று. கட்டணத்தின் வேலையே அதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். அங்கேயும் பார்க்க வருவார்கள். லீவுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் காட்டும் முதல் இடம் மைன்ஸ். பள்ளத்தின் விளிம்பில் நின்று, கீழே எறும்பு மாதிரி ஊரும் லாரிகளையும் ராட்சச ராட்டினம் மாதிரி சுற்றும் பக்கெட் வீலையும் காட்டி, "அந்த ஒரு வாளியில 1,400 லிட்டர் பிடிக்கும்" என்று பெருமையடிப்போம். இரண்டாவது இடம் பதினாறாவது பிளாக் நடராஜர் கோயில். அங்கே ஆளுயரத்தைத் தாண்டிய ஐம்பொன் நடராஜர் இருக்கிறார். சாமிக்கு மனு எழுதிப் போட ஒரு பெட்டியும் உண்டு. எல்லாவற்றுக்கும் விண்ணப்பப் படிவம் உள்ள ஊரில் கடவுள் மட்டும் எப்படித் தப்ப முடியும்!

அந்த ஊரின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளைபோட்டபோது கருப்பாக ஏதோ வந்தது. 1956-ல் நிறுவனம். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள், அடுத்த வருடமே மின்சாரம். எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து, முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியில். அந்த முதல் நிலையம் 2020-ல் மூடப்பட்டது.

டவுன்ஷிப் பிள்ளைகளிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி தடுமாறுவார்கள். அப்பா திருநெல்வேலியிலிருந்தோ கேரளாவிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ வேலைக்கு வந்தவர். வீடு குவார்ட்டர்ஸ். முகவரி பிளாக் எண்ணும் தெருப் பெயரும். மா, பலா, வேம்பு எல்லாம் நாமே நட்டிருப்போம், ஆனால் அப்பா ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டுப் பின்பக்கப் பலாவில் இப்போது யார் பழம் பறிக்கிறார்களோ. அகலமான சாலை, இலவச மாதிரியே வரும் தண்ணீர், கரண்டு போகாத இரவு, நல்ல பள்ளிக்கூடம், பெரிய ஆஸ்பத்திரி, கிளப். வேலிக்கு வெளியே, அதே மண்ணில் தலைமுறையாக இருந்தவர்களின் ஊர்களில் இது எதுவும் இதே அளவில் கிடையாது. ஒரு நாட்டில் சம்பாதிக்க வந்து, அந்த நாட்டின் நல்ல பகுதியை அனுபவித்து, எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடியவனை இங்கே எக்ஸ்பாட் என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்பதற்கு இருபது வருடம் முன்பே நான் அதுவாகத்தான் இருந்திருக்கிறேன், கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே.

சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று. 1961-ல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தபோது வந்தவர்களுக்கு வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. அவர்களின் பேரப்பிள்ளைகளைக்கூட இன்னமும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறார்கள். புளூ கார்டோடு வந்த எங்களை வந்த வாரமே எக்ஸ்பாட் ஆக்கிவிட்டார்கள். துருக்கிக்காரர் கட்டிய சாலையில்தான் நாங்கள் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.

மனைவி டவுன்ஷிப் பெண் இல்லை. விருத்தாசலம் பக்கம். அவளுடைய அம்மாவைப் பெற்ற ஆயாவின் ஊர் 1980களில் இரண்டாவது சுரங்கத்துக்குப் போனது. நிலத்துக்குப் பணம் வந்தது, ஒரு மாமாவுக்கு வேலையும் கிடைத்தது. அந்த வேலையில்தான் மாமா பிள்ளைகளைப் படிக்க வைத்தார், இவளுடைய காலேஜ் ஃபீஸிலும் ஒரு பங்கு கொடுத்தார். அதனால் இது ஒரே நிறத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை. ஆயாவும் அழுது புலம்பிச் சொல்பவர் அல்ல. பேச்சுவாக்கில் "அப்ப நம்ம கொல்லையில முந்திரி காய்ச்ச வருசம்" என்பார். அந்தக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது தரையே இல்லை. அது எனக்கு எப்போதும் விளங்கிக்கொள்ளக் கஷ்டமான விஷயம். வீடு இடிந்தால் மனை இருக்கும், ஊர் அழிந்தால் மேடு இருக்கும். திறந்தவெளிச் சுரங்கத்தில் இடம் என்பதே எடுத்துச் செல்லப்படுகிறது.

கொலோனுக்கு மேற்கே ஒரு மணி நேரம் போனால் அதே பழுப்பு நிலக்கரி, அதே பள்ளம். கார்ஸ்வைலர், ஹம்பாக், இண்டன் என்று மூன்று சுரங்கங்கள். 2024-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹம்பாக் போனோம். விளிம்பில் பார்வையிடம், உணவகம், கார் நிறுத்தம். சுமார் 400 மீட்டர் ஆழம். பெரிய பக்கெட் வீல் எந்திரம் 96 மீட்டர் உயரம், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரம். ஒரு நாளைக்கு 2,40,000 கன மீட்டர் தோண்டக்கூடியது. மேலிருந்து பார்க்கும்போது குழந்தை தொலைத்த பொம்மை மாதிரி கிடந்தது. நான் எந்திரத்தைப் பார்த்து உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்தேன், நெய்வேலிக்காரனாச்சே. அவள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

அடுத்து ஒருநாள் ரயில் மாறி, பஸ் பிடித்து இம்மெராத் போனோம். பழைய இம்மெராத் கார்ஸ்வைலர் சுரங்கத்துக்குப் போய்விட்டது. இரட்டைக் கோபுரம் வைத்த அதன் தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்ததை உலகத் தொலைக்காட்சிகளெல்லாம் காட்டின. மக்கள் 2006 முதலே சில கிலோமீட்டர் தள்ளி அதே பெயரில் கட்டிய புது ஊருக்கு மாறினார்கள். சுத்தமான செங்கல் வீடுகள், அளவாக வெட்டிய புல். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அதனால் எங்களைத் தவிர பார்க்க வந்தவர் யாருமில்லை. அவள் நேராகப் போனது கல்லறைத் தோட்டத்துக்கு. இருபது வயதுகூட ஆகாத ஊரில் அதைவிடப் பழைய ஆண்டுகள் பொறித்த கற்கள். இறந்தவர்களையும் தோண்டி எடுத்துக் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள்.

"பொணத்தக்கூட மாத்திக் குடுத்திருக்காங்க பாருங்க" என்றாள். அப்புறம், "எங்க தாத்தாவ எரிச்ச இடம் எதுன்னு ஆயாவுக்கே இப்ப காட்டத் தெரியாது."

எனக்கு இம்மெராத் தேவாலயத்துக்காக உண்மையாகவே வருத்தமாக இருந்தது. வீடியோவில் கோபுரம் சரியும் இடத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். அவளிடம் அதைச் சொன்னபோது கோபப்படவில்லை, சிரித்தாள். "ஒங்களுக்கு இங்க வருத்தப்பட ஈசியா இருக்குல்ல?" என்றாள். அந்தக் கேள்வியை விட்டு நகர முடியவில்லை. ஈசிதான். ஏனென்றால் இம்மெராத்துக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. அந்த நிலத்தின் கரியில் என் பள்ளிக்கூடம் நடக்கவில்லை, என் தடுப்பூசி போடப்படவில்லை. சுற்றுலா தரும் மிகப் பெரிய சுகம் இதுதான் என்று இப்போது படுகிறது. அழகை ரசிப்பதில் மட்டுமில்லை, துக்கத்திலும் அங்கே நமக்குக் கணக்கு கிடையாது. ஆஷ்விட்ஸில் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகை பொய் இல்லை. ஆனால் அந்த அழுகைக்கு அப்புறம் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, மாலை ரயிலைப் பிடித்தால் போதும்.

இதற்கு எளிதாக ஒரு பதில் உண்டு: அப்படியென்றால் நம் ஊர் துக்கத்தைப் பார், அடுத்தவன் ஊரில் என்ன வேலை? எனக்கு அது ஒப்பவில்லை. இம்மெராத் போகாமல் இருந்திருந்தால் தாத்தாவை எரித்த இடம் பற்றி அவள் சொல்லியிருக்கவே மாட்டாள். ஆறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அதை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை, இரண்டு பேருக்கும் அது பேச்சில் வரக்கூடிய விஷயமாகத் தெரிந்ததில்லை. அந்நிய இடத்துக்கு அந்தச் சக்தி இருக்கிறது. தவிர, கணக்கே இல்லை என்று நான் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. 2023-ல் ஜெர்மனியின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்தது. கொலோன் வீட்டில் நாங்கள் தோசை சுடும் மின் அடுப்பில் அந்தப் பள்ளமும் கொஞ்சம் எரிகிறது. கணக்கு தெரியாத இடத்தில் கணக்கு இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் போராட்டத்துக்கும் பார்வையாளர்கள் உண்டு. 2023 ஜனவரியில் லுட்செராத் கிராமத்தைக் காலிசெய்தபோது ஆயிரக்கணக்கானோர் சேற்றில் நின்றார்கள், கிரெட்டா துன்பெர்க் வந்தார். பக்கத்தில் ஐந்து கிராமங்கள் தப்பின, இந்தப் பகுதியில் நிலக்கரியை 2030-ல் நிறுத்துவதாக ஒப்பந்தமும் இருக்கிறது. அதே வருடம் ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், கதிர் வரும் நேரத்து நெல்வயலில் கால்வாய் வெட்ட எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது, பயிர் பின்னால் நட்டது என்று ஒரு வாதம். சட்டப்படி அதில் நியாயம் இருக்கலாம். அந்த வீடியோவைக் கொலோன் டிராமில் போனில் பார்த்தோம். இந்தத் தடவை வருத்தப்படுவது ஈசியாக இல்லை. அவள் மாமாவுக்கு போன் பண்ணினாள், மாமா "வேற பேசு பாப்பா" என்றார். சம்பளம் வாங்கியவர், நிலமும் கொடுத்தவர். அவரால் எந்தப் பக்கம் நின்று வருத்தப்பட முடியும்?

வளையமாதேவியிலிருந்து வடலூர் ரொம்ப தூரம் இல்லை. பயிர் வாடுவதைக்கூடத் தாங்கமாட்டாதவர் என்று நாம் சொல்லும் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு சத்திய தருமச்சாலையில் இன்னும் அணையவில்லை. டவுன்ஷிப் பிள்ளைகளான எங்களுக்கு அதுவும் ஒரு 'பார்க்கும் இடம்'தான். சைக்கிளிலேயே போவோம், சாப்பிட்டுத் திரும்புவோம். அந்த நிலம் பார்வதிபுரத்து மக்கள் எழுதிக்கொடுத்த 80 காணி என்பதைப் பெரியவனான பிறகுதான் படித்தேன். அங்கே சாப்பிடுகிறவனை யாரும் ஊர் கேட்பதில்லை. ஆனால் அடுப்பு எரிவதற்கு ஒரு ஊர் தன் நிலத்தைத் தெரிந்து, மனசோடு கொடுத்திருக்கிறது. ஐரோப்பாவில் சுற்றும்போது எனக்கு ஒரு ஆசை வருகிறது: நான் நிற்கும் இடத்தைக் கொடுத்தது யார், கேட்டு வாங்கினார்களா, கேட்காமலேயா என்று தெரிந்தால் தேவலை. பாதி இடங்களில் அந்தத் தகவல் பலகையில் எழுதியே இருக்கிறது. மீதி இடங்களில் உள்ளூர்க் கிழவர் யாராவது சொல்கிறார், என் அரைகுறை ஜெர்மனுக்கு எட்டிய மட்டும்.

என் மனைவி இந்த வாதத்தை முழுக்க ஏற்கவில்லை. "எல்லா எடத்துலயும் யாரு எடம்னு கேட்டுகிட்டே நின்னா ஐஸ்கிரீம் உருகிடும்" என்கிறாள். அவளுக்கு ரோம் ரொம்பப் பிடிக்கும், மறுபடி போக வேண்டும் என்கிறாள், போவோம். நிலம் போன வீட்டுப் பெண்ணுக்கு ஊர் சுற்ற இருக்கும் உரிமையை நான் கேள்வி கேட்க முடியாது. அதைவிட, ஆயா தன் கொல்லையை விட்டு விருத்தாசலம் தாண்டிப் போனதில்லை. பேத்தி பார்ப்பதெல்லாம் தானும் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, "இங்க மண்ணு என்ன நெறம்?" என்று கேட்பார்.

போன வாரம் வீடியோ காலில் அவள் ஆயாவிடம் பழைய ஊரைப் பற்றிக் கேட்டாள். எந்தத் தெருவில் யார் வீடு, ஏரி எந்தப் பக்கம், அய்யனார் கோயிலுக்கு எத்தனை குதிரை, சுடுகாட்டுக்குப் போகும் வழியில் என்ன மரம். ஆயா முதலில் "அதெல்லாம் எதுக்குடி இப்ப" என்றார், அப்புறம் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. ரயில் செலவு, ஹோட்டல் செலவு எழுதிவைக்கும் எங்கள் பயண நோட்டில் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக அவள் எழுதிக்கொண்டே வந்தாள். குதிரை ஏழு என்று எழுதியதை ஆயா திருத்தினார். ஏழு இல்லை, அஞ்சு. ரெண்டு அப்புறமா வச்சது.