பழுது யாருடையது?

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் வழுக்கினால், மிதித்த கால் பிடிமானமில்லாமல் சரேலென்று கீழே போகும். முழங்கால் ஹேண்டில்பாரில் மோதும். சிலர் விழுந்தே விடுவார்கள். குன்னூரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறும் செம்மண் தடங்களில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என் கடைக்கு அதிகம் கொண்டுவரும் பழுது இதுதான். வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "எதுலண்ணே கோளாறு?" அந்தக் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. நடந்துவிட்ட ஒரு தீங்குக்கு உரிமையாளர் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டுமா? சைக்கிள் கடையில் கேட்டாலும் இது தத்துவக் கேள்விதான். மணிமேகலைக் காப்பியத்தின் கடைசிக் காதைகளை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதும் இதற்காகத்தான்.

பெரும்பாலும் உரிமையாளர் கிடைத்துவிடுகிறார். வண்டியில் கை வைக்கும் முன் விசாரிப்பேன். எல்லாக் கியரிலும் வழுக்குகிறதா, ஒன்றிரண்டில் மட்டுமா? ஏற்றத்தில் அழுத்தும்போதா, சும்மா சுற்றினாலுமா? சும்மா சுற்றும்போதே சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வந்தால் ஏதோ ஒரு லிங்க் இறுகிக் கிடக்கிறது. பெடலைப் பின்னால் சுற்றினால், கியர் மாற்றும் டீரெய்லரின் சின்னச் சக்கரத்தைத் தாண்டும்போது அந்த லிங்க் மடங்காமல் விறைத்து நிற்பது கண்ணுக்கே தெரியும். பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தாவப் பார்த்துக் கடகடத்தால் கியர் கேபிள் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் கல்லில் அடிபட்டு, டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கும். செயின் பல்லில் உட்கார்ந்தபடியே இருக்க, பெடல் மட்டும் வெறுமனே சுற்றினால் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் கொக்கிகள் பிடிக்கவில்லை. விளைவைப் பார்த்துக் காரணத்தை அறிவதை நியாய நூலார் அனுமானத்தில் ஒரு வகையாக வைத்தார்கள். இவ்வளவுக்கும் அது போதும். கெட்ட பொருள் ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்தால் பழுது போய்விடுகிறது.

போதாத இடம் ஒன்று உண்டு. தோட்டத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் வீங்கிய முழங்காலோடு வந்தான். வேறொரு கடையில் புதுச் செயின் மாட்டியிருந்தான். "பழசு வழுக்கவே இல்லண்ணே. புதுசு மாட்டின நாள்லேர்ந்துதான் இப்படி. மட்டமான செயினைத் தலையில கட்டிட்டாங்க." அந்தக் கடைக்காரரோ, செயினில் ஒரு குறையும் இல்லை, பல்சக்கரம்தான் கெட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார். செயினை அளந்தேன், அப்பழுக்கில்லை. பல்சக்கரமும் பழைய செயினோடு முந்தின வாரம் வரை ஒழுங்காக ஓடியதுதான்.

இதன் உள்விஷயம் அழகானது. செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஓட ஓடச் செயின் நீள்கிறது என்போம். இரும்புத் தகடு நீள்வதில்லை. பின்னும், அது திரும்பும் துளையின் சுவரும் தேய்கின்றன. இந்த ஊர்ச் செம்மண் எண்ணெயில் கலந்து அந்த மூட்டுக்குள் புகுந்துவிட்டால் அரம் போட்ட மாதிரிதான். ஒவ்வொரு மூட்டிலும் நூலளவு இடம் விடுகிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால், 12 அங்குலத்தில் நிற்க வேண்டிய பின் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். ஒரு மூட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 0.07 மி.மீ.; ஒரு தலைமயிரின் கனம். அந்த அளவில் செயினை மாற்றிவிட்டால் பல்சக்கரம் பிழைத்துக்கொள்ளும். மாற்றாமல் ஓட்டினால், நீண்ட செயின் பற்களின் மேல்பக்கமாக ஏறி உட்காரும். பற்களும் அந்த நீளத்துக்கு ஏற்பக் குடைந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்தே தேய்வதால் சண்டை வராது. பின் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தள்ளி நிற்கும் வரைகூடச் சத்தமில்லாமல் ஓடும். அதில் புதுச் செயினை மாட்டினால் அதன் 12.7 மி.மீ. அந்தக் குழிகளுக்குப் பொருந்தாது. பாரம் பல பற்களில் பரவாமல் ஒன்றிரண்டில் விழும். ஏற்றத்தில் அழுத்தும்போது செயினின் ரோலர் சாய்ந்த பல்லின் மேல் ஏறித் தாண்டும்.

இப்போது பழுதைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது? புதுச் செயினைப் புதுப் பல்சக்கரத்தில் போட்டால் வழுக்காது. பழைய பல்சக்கரத்தில் பழைய செயினைப் போட்டால் வழுக்காது. இரண்டும் சேர்ந்து குற்றவாளிகள் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தனித்தனியே பழுதில்லாதவை சேரும்போது அது எங்கிருந்து வந்தது? மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா என்று கேட்டு, எந்த உறுப்பிலும் தேர் இல்லை என்று காட்டினார். தேருக்கு அவர் காட்டியதைப் பழுதுக்கும் காட்டலாம். உறுப்புகளில் தேடினால் அது கிடைக்காது. ஆனாலும் அந்தப் பையனின் முழங்காலை வீங்க வைக்கும் அளவுக்கு அது உண்மை.

காஞ்சியில் பௌத்த ஆசான் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொன்னது இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் பன்னிரண்டு சார்புகளில் எதுவும் தன் வலிமையால் நிற்பதில்லை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது; முன்னது மீளப் பின்னதும் மீள்கிறது. துன்பத்தை இன்னாருடையது என்று ஒருவர் தலையில் ஏற்றுவதற்கு முன்னால், எது எதோடு சேர்ந்தபோது அது எழுந்தது என்று பார்க்கச் சொல்லும் பார்வை இது. நம் வீடுகளில் மருமகள் வந்த பிறகு சண்டை என்றால் மருமகள் மட்டம் என்கிறோம். பல வருடங்கள் அந்த வீடு எப்படித் தேய்ந்து தனக்குள் பொருந்திக்கொண்டது என்று யாரும் அளப்பதில்லை. இந்த அளவுக்கு அறவணர் சொல்வதே உண்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை ஒரு சாக்காக ஆக்கிக்கொள்ளவும் முடியும் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். "அப்போ காசு யாருண்ணே கொடுக்கணும்?" என்று அந்தப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பழுது ஒரு பொருளில் இல்லை என்பதால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகாது. பழைய செயினைக் கழற்றும் முன் ஸ்கேல் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதை அறியும் இடத்தில் இருந்தவர் மாட்டிக் கொடுத்தவர். ஆகவே கூலியையாவது அவர் திருப்பித் தர வேண்டும் என்றேன். பல்சக்கரத்தின் விலை அவனுடையது, ஏனென்றால் அந்தக் கிலோமீட்டர்களை ஓட்டியவன் அவன். அவன் முணுமுணுத்தான், ஒப்புக்கொண்டான்.

அறவணர் பௌத்தர்; எங்கள் வீடோ சைவ வீடு. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரின் நான்கு பிரிவினரோடும் வாதிட்டார் என்பதைச் சிறு வயதிலேயே அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். வினை சடம், செய்தவனைத் தேடிப் போய்ச் சேர அதற்கு அறிவில்லை, ஆகவே பயனைக் கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்பது சித்தாந்தம். செயினைப் பொறுத்தவரை எனக்கு அந்தத் தேவை தெரியவில்லை. ஒவ்வொரு மிதியும் தன் கணக்கை இரும்பிலேயே எழுதிவிடுகிறது. கூட்டுவிக்க ஒருவர் வேண்டியதில்லை. ஆனால் செயினுக்கு வலிப்பதில்லை. மண் ஏறிய இரும்பு தேய்வதும் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதும் ஒரே வகை நிகழ்ச்சிகள் என்று சொல்ல முடியாது. நுகர்வும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று, அதற்கும் சார்பு உண்டு என்று அறவணர் பதில் சொல்வார். அந்தப் பதிலில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. இருந்தாலும் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம், வலி இருக்கிறது, வலிக்கிறவன் என்று ஒருவன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வலிக்கிறவன் ஒருவன் உண்டு என்னும் அந்த ஓர் இடத்தில் நான் அப்பா பக்கம் நிற்கிறேன்.