இரண்டு அத்தரில் எது நல்லது?

அரபு ஸ்திரீட்டிலும் அதனை அடுத்த வீதிகளிலும் அத்தர் விற்கும் நம்மவர்க்கு இக்கேள்வி புதியதன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒளுவோடு புறப்பட்ட ஒருவர் கடைக்குள் வருகிறார். ஒரு புறங்கையில் ரோஜா அத்தரும் மறு புறங்கையில் மல்லிகை அத்தரும் தடவிக் கொடுக்கிறோம். இரண்டும் மென்மையானவை, இரண்டும் அவருக்குப் பிடிக்கின்றன. மாறி மாறி முகர்ந்துவிட்டு, “நானா, நீங்களே சொல்லுங்கள், எது நல்லது?” என்கிறார்.

வியாபாரியின் ஈமானுக்குச் சோதனை இவ்விடத்தில்தான் என்பது நம் எண்ணம். அளவில் குறைப்பதும் கலப்படத்தை நல்ல சரக்கென்று விற்பதும் ஹராம் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்தவரை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்த வரலாறும் நாம் ஓதியதே. இங்கே மறைப்பதற்குக் குறையே இல்லை. எதைக் காட்டி ‘இது நல்லது’ என்றாலும் பொய்யாகாது. ஆனால் மல்லிகையில் தோலாவுக்கு 4 வெள்ளி கூடுதலாகக் கிடைக்குமென்றால், நாவு தானாக மல்லிகைப் பக்கம் சாய்கிறது. பொய்யுமில்லை, லாபமோ ஹலால். பின் குற்றம் எங்கே?

குற்றம் உண்டு என்றே சொல்வோம். அவர் கேட்டது தமக்கு எது நல்லது என்று; நாம் சொன்னதோ நமக்கு எது நல்லது என்பதை. ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஏற்றவர் என்பது ஹதீஸில் வந்துள்ள கருத்து. கேட்காத வரையில் விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். கேட்டுவிட்டால் தம் பணத்தை நம் நாணயத்தினிடம் ஒப்படைத்துவிட்டார் அன்றோ?

நிற்க. ‘வாசனை அவரவர் விருப்பம், எதைக் கொடுத்தாலும் மகிழ்ந்துதானே போகிறார்?’ என்பாரும் உளர். கடை வாடகை கட்டுகிறவர் காதுக்கு இவ்வாதம் இனிக்கும். எனினும் அது முழு உண்மையன்று. ரோஜாவை விடியற்காலையில் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் மணம் குன்றும். மல்லிகை, மொட்டாகப் பறித்த பின்னும் மலர்ந்து மணம் விட்டுக்கொண்டேயிருக்கும். கன்னோஜில் செப்புப் பானையில் பூவும் நீரும் இட்டுக் காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. சந்தனம் விலையேறிவிட்டதால், திரவப் பாரபின் போன்றவற்றில் இறக்குவதும் இன்று நடக்கிறது. முதல் முகர்வில் இந்த வேற்றுமை எளிதில் பிடிபடாது. பூமணம் தணிந்த பிறகே அடி எண்ணெய் தன்னைக் காட்டும். இதையெல்லாம் அறிந்தவர் நாம், அவர் அறியார். அறிந்தவன் அறியாதவனிடம் ‘எல்லாம் உங்கள் விருப்பம்’ என்று ஒதுங்குவதும் நேர்மையாகாது.

எதன் அடி சந்தனம், எதன் அடி வேறு எண்ணெய் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தமக்கா, ஊரிலுள்ள வாப்பாவுக்கா என்று கேட்க வேண்டும். பிறகு, “தொழுதுவிட்டு வாருங்கள், அப்பொழுது எந்தக் கை மணம் பிடிக்கிறதோ அதை எடுங்கள்” என்று அனுப்பிவிடலாம்.

திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று கடைப் பையன்கள் கேட்கிறார்கள். சிலர் வருவதில்லைதான், எதிர்க்கடையில் வாங்கிவிடுகிறார்கள். அந்த நட்டத்தை வாடகை, மின்சாரம் இவற்றோடு சேர்த்துக் கடைச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.