துண்டில் தெரியும் முழுமை

ஒளிப்படமொன்றை இரண்டாகக் கிழித்தால் ஒரு பாதியில் தலையும் மறுபாதியில் உடலுமே எஞ்சும். ஹொலோகிராம் எனும் முழுப்பதிவு பொறித்த கண்ணாடித் தகட்டை உடைத்தாலோ, ஒவ்வொரு துண்டினூடாகவும் பொருள் முழுவதையும் காணலாம். பகுதியினுள் முழுமை அடங்குமா என்ற பழைய தத்துவ வினாவை இவ்விந்தை புதிதாக எழுப்புகின்றது.

1947இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் பணியாற்றிய ஹங்கேரியரான டெனிஸ் காபொர், இலத்திரன் நுணுக்குக்காட்டியைச் செம்மையாக்க முயல்கையில் இம்முறையைக் கண்டார். எனினும் 1960இல் லேசர் தோன்றிய பின்னரே அது முழுப்பயன் அளித்தது. 1964இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீத், உபாற்னிக்ஸ் ஆகியோர் விளையாட்டுப் புகையிரதமொன்றை முப்பரிமாணத்திற் காட்டினர். 1971இல் காபொர் நோபல் பரிசு பெற்றார்.

சாதாரண ஒளிப்படம் ஒளியின் செறிவை மட்டுமே பதிகின்றது. அலையின் அவத்தையை இழந்துவிடுகின்றது. ஹொலோகிராம் ஆக்குவோர் லேசர்க் கற்றையை இரண்டாகப் பிரிக்கின்றனர். ஒன்று பொருளிற் பட்டுத் தெறித்துத் தகட்டை அடைகின்றது. மற்றையது பொருளைத் தொடாது வந்து அதனுடன் கலக்கின்றது. இவற்றின் தலையீட்டால் விளையும் நுண்ணிய வரிகளே தகட்டிற் பதிகின்றன. இரண்டாம் கற்றையை மாத்திரம் மீண்டும் பாய்ச்சினால், பொருளிலிருந்து புறப்பட்ட அலை மறுபடி பிறக்கின்றது. தகட்டுக்கு அப்பால் பொருள் ஆழத்தோடு தோன்றுகின்றது.

பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி தகடெங்கும் பரவுவதே துண்டில் முழுமை தெரிவதன் காரணம். ஆயின் துண்டு ஒரு சிறு சாளரமே. முழுப்பொருளும் தெரியும், ஆனால் அக்கோணத்திலிருந்தே தெரியும். துண்டு சிறுக்கச் சிறுக்கத் தெளிவும் குன்றும்.

யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையை நாம் அறிவோம். அவர்கள் அறிந்தது பகுதி. அதை முழுமையென்றது பிழை. ஹொலோகிராம் உணர்த்தும் பிழை இதனினும் நுட்பமானது. துண்டை வைத்திருப்பவன் யானை முழுவதையும் மெய்யாகவே காண்கிறான். ஆதலினாலேயே மற்றவனின் துண்டால் தனக்கு ஆவதொன்றுமில்லை என எண்ணிவிடுகிறான்.

நாம் பயிலும் துறைகளும் பற்றிநிற்கும் கொள்கைகளும் இத்தகையனவே. பொருளியலும் சமயமும் இலக்கியமும் மனித வாழ்வு முழுவதையுமே காட்டுகின்றன. ஆயின் தத்தம் கோணத்திலிருந்தே காட்டுகின்றன. அவ்வாறாயின் எல்லாப் பார்வையும் சமமோ? அன்று, மங்கிய துண்டும் உண்டு, தெளிந்த துண்டும் உண்டு. எனினும் எதிர்க்கருத்தைப் பொய்யென ஒதுக்குமுன், அதைக் கூறுபவன் எச்சாளரத்தில் நிற்கிறான் என வினவுதல் நம் கடனாகும். துண்டுகள் தம் இடத்தில் மீளச் சேர்ந்தால் யானை பெரிதாவதில்லை. அதைக் காணும் கோணங்களே பெருகுகின்றன.