நிலவில் வைத்த போட்டோ



இம்மாதம் சார்லஸ் டியூக் என்கிற அமெரிக்க விண்வெளி வீரரைக் குறித்து உங்களோடு பேச ஏவப்பட்டேன். விமானப்படையில் டெஸ்ட் பைலட்டாக இருந்தவரை 1966-ல் நாசா தெரிந்துகொண்டது. 1969-ல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கினபோது ஹூஸ்டனிலிருந்து அவரோடு பேசிய குரல் இவருடையதுதான்.

1972 ஏப்ரலில் இவர் முறை வந்தது. அப்பல்லோ 16-ல் ஓரியன் என்ற இறங்கு கலத்துக்கு இவர் பைலட். தாய்க்கலத்தின் என்ஜின் கட்டுப்பாட்டில் ஒரு கோளாறு! இறங்காமலே திரும்பணுமோ என்று சுமார் ஆறு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு அனுமதி கிடைத்தது. ஜான் யங்கும் இவரும் 71 மணி நேரம் நிலவில் தங்கினார்கள். அங்கே நடந்த 12 பேரில் இவர்தான் இளையவர், வயசு 36.

தேவபிள்ளையே, என்னைத் தொட்டது ராக்கெட் அல்ல, ஒரு போட்டோ. தானும் மனைவியும் இரண்டு மகன்களும் இருக்கிற படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலவின் தரையில் வைத்துவிட்டு வந்தார். எவ்வளவு பாசம் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் வீட்டு நிலைமை வேறு. வேலை, வேலை என்று ஓடினவருக்கு மனைவியோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. பிள்ளைகளிடம் கண்டிப்பு மட்டும்தான். மனைவி டாரத்தி வாழவே விருப்பமில்லாத அளவுக்குச் சோர்ந்துபோனார். நிலவில் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது. அவருடைய நாளில் கிடைக்கவில்லை!

1975-ல் நாசாவை விட்டு வியாபாரத்துக்குப் போனார். பணம் வந்தது, சமாதானம் வரலை. முதலில் டாரத்தி ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். அவரில் வந்த மாற்றத்தை வீட்டுக்காரர் கண்ணாரக் கண்டார். 1978-ல் ஒரு வேதபாடக் கூட்டத்துக்குப் பிறகு இவரும் தம்மை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பம் குணமாக ஆரம்பித்தது. அல்லேலூயா!

மாற்கு 8:36-ல் நம் ஆண்டவர் கேட்ட கேள்வியை இன்று உங்களுக்கு முன் வைக்கிறேன். பதவி உயர்வுக்கும் ஓவர்டைமுக்கும் நேரமிருக்கிறது, ஊழியத்துக்குக்கூட ஓடுகிறோம். சுவரில் குடும்பப் படம் தொங்குகிறது. படத்தில் இருக்கிறவர்களோடு எப்போது பேசினீர்கள்? சகோதரனே, இன்று ராத்திரி குடும்ப ஜெபத்துக்குப் பிறகு மனைவியிடமும் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை அன்பாய்ப் பேசுங்கள். சகோதரியே, வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் ஜெபிக்கிறீர்களோ? டாரத்தியும் அப்படித்தான் தனியாக ஆரம்பித்தார். சோர்ந்துபோகாதிருங்கள். கர்த்தர் உங்கள் வீட்டைக் கட்டுவாராக. ஆமென்!